வெயில் குறைந்த மாதத்தில் துபாய்க்குப் போகிறவர்களுக்கு

எங்கள் மெல்பேர்ன் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். லண்டனுக்கும் கொழும்புக்கும் போகிற வழியில் துபாயில் இரண்டு நாள் இறங்கி நிற்பவர்கள் கூடிவிட்டார்களாம். நீங்கள் அந்த ஊரில் கிடந்தவர், இங்கேயிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவர், நாலு யோசனை எழுதித் தாருங்கள் என்றார்கள். நான் வேலை செய்த பயண முகவர் கடை இங்கே டண்டினோங்கில் இருந்தது. நான் ஓய்வெடுத்த பிறகு அதையும் மூடிவிட்டார்கள். இப்போது எல்லோரும் கைபேசியில் ரிக்கற் எடுக்கிறார்கள், அறை எடுக்கிறார்கள், வான் வண்டியையும் அதிலேயே கூப்பிடுகிறார்கள். கூட்டிக்கொண்டு போக ஆள் தேவையில்லை. ஆகவே யோசனையை எழுதித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் திருத்திப் போடட்டும்.

முதலில் அவர்கள் கேட்டதை எழுதிவிடுகிறேன்.

கண்ணுக்கு எதிரே தெரிகிற கட்டடத்துக்கு நடந்து போகலாம் என்று நினைக்காதீர்கள். இடையில் ஒரு பெருந்தெரு இருக்கும், அதைக் கடக்க வழி இருக்காது. கடைத்தொகுதிகளுக்குள் குளிர் மெல்பேர்னின் ஆடி மாதக் குளிர்காலத்தைப் போல் இருக்கும். ஒரு சால்வை கையில் வேண்டும். மருந்துகளை அவற்றின் பெட்டியோடும் டொக்டரின் கடிதத்தோடும் கொண்டுபோங்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கிற சில நோவுக் குளிசைகளை அங்கே விடமாட்டார்கள், போகமுன் விசாரியுங்கள். கறிச்சரக்கில் கசகசா இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அங்கே அது போதைப்பொருள் கணக்கு. மெட்ரோவில் பெண்களுக்கென்று ஒதுக்கிய பகுதிக்குள் ஆண்கள் ஏறக்கூடாது. மனைவியின் பின்னால் ஏறித் தண்டம் கட்டிய அங்கிள்மார் பலரை எனக்குத் தெரியும். "நாப்பது வருசமா இவளுக்குப் பின்னாலதான் தம்பி ஏறுறன்" என்று ஒருவர் பரிசோதகரிடம் தமிழிலேயே வாதாடினார். தண்டம் தண்டம்தான். பின்னேரத்தில் கழிமுகத்தைக் கடக்கிற மரப் படகில் ஒருதரம் ஏறுங்கள். அந்த ஊரில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

மற்றது வெயில். ஆடி ஆவணியில் போகாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த மாதங்களைப் பற்றி எனக்குப் பயமில்லை, ஏனென்றால் அப்போது ஒருவரும் வெளியில் நிற்பதில்லை. ஐப்பசியில் வெயில் குறைந்துவிட்டது என்று விளம்பரம் போடுவார்கள். அந்தக் குறைந்த வெயில்தான் ஆளை விழுத்தும்.

ஒரு பக்கம் என்றால் இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெயிலைப் பற்றி எழுதிவிட்டுப் பரமேஸ்வரி அன்ரியைப் பற்றி எழுதாமல் விட முடியவில்லை.

நான் மன்னார்க் கரையில் பிறந்தவன், வேதக்காரன், கத்தோலிக்கன். இருபது வயதில் வளைகுடாவுக்குப் போய்ச் சீமெந்து குழைத்தேன், கம்பி சுமந்தேன், ஒரு கோடையில் மாடியிலிருந்து விழுந்து தோள்பட்டை உடைந்தது. பாரம் தூக்க முடியாமல் போனதால் சாரதி வேலை பழகினேன். கடைசியில் துபாயில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிற ஒரு சின்னக் கம்பனியில் சேர்ந்தேன். அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் கோயாக்கா. மலப்புறத்து முஸ்லிம், அவர்கள் அண்ணனை 'இக்கா' என்பார்கள். கட்டையான மனிதர், தோளில் எப்போதும் ஈரத் துவாய்.

கோயாக்கா யாரையும் ஏசியதில்லை. ஒரு சாரதியின் பஸ்ஸில் பயணி ஒருவர் மயங்கி விழுந்தால், மறுநாள் காலையில் அந்தச் சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்காருவார். பொழுதுபடும்வரை ஒரு சொல் பேசமாட்டார். அந்த ஒரு நாளைத் தாங்க முடியாமல் வேலையை விட்டுப் போனவர்களும் உண்டு.

அவர் வைத்த முறை இதுதான். காலையில் ஏறும்போது ஒவ்வொரு பயணிக்கும் ஒரு போத்தல் தண்ணீர். நடுப்பகலில் வெறும் போத்தலை வாங்கிக்கொண்டுதான் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். "தண்ணி குடுத்தேன்னு என்கிட்ட சொல்லாதே தாஸே. குடிச்சாங்கன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்வார். சந்தேகம் என்றால் நாக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைத்தோலைக் கிள்ளி, அது உடனே படிகிறதா என்று பார்ப்பது வாலிபர்களுக்குத்தான் சரி. வயதானவர்களின் கைத்தோல் எப்போதுமே தளர்ந்து நிற்கும், அதை நம்பக்கூடாது, நெற்றித் தோலைக் கிள்ளு என்று காட்டித் தந்தார். வெயிலில் நிற்கிறவருக்கு வேர்வை நின்றுவிட்டால் அதற்குப் பிறகு யோசிக்கக்கூடாது, வண்டியை எடுக்க வேண்டும். இவ்வளவுதான் நான் அந்த ஊரில் படித்த படிப்பு.

பிறகு மனைவி கூப்பிட்டு மெல்பேர்னுக்கு வந்தேன். ஷெப்பர்டனில் பழம் பிடுங்கினேன், கோழித் தொழிற்சாலையில் நின்றேன், டக்சி ஓடினேன். ஓரிடத்தில் நிற்க எனக்கு எப்போதும் முடிந்ததில்லை. டண்டினோங் கடைக்காரர் வயதானவர்களைக் குழுவாக ஊருக்கு அனுப்பத் தொடங்கி, வழியில் இரண்டு நாள் துபாயைக் காட்டவும் ஒழுங்கு செய்தபோது என்னைக் கூப்பிட்டார். அந்த நேரத்தில் கோயாக்காவும் அங்கே சொந்தமாக இரண்டு வான் வைத்து ஓடிக்கொண்டிருந்தார். இங்கேயிருந்து நான் ஆட்களைக் கொண்டுபோவேன், அங்கே அவர் வானோடு வந்து நிற்பார். முறை அதே முறைதான். போத்தல், வெறும் போத்தல், நாக்கு.

பரமேஸ்வரி அன்ரி மெல்பேர்னில் டார்னெய்ட்டில் மகளோடு இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதை நெருங்கியவர், நீரிழிவும் பிரஷரும் உண்டு. ஒரே மகன் ரஜீவன் துபாய்க்கு வேலைக்குப் போனவன். தாயும் மகனும் ஒன்பது வருடமாக ஒருவரையொருவர் நேரில் பார்க்கவில்லை. ஊர் சுற்றிப் பார்ப்பதில் அவருக்கு ஆசை இருக்கவில்லை. மகனைப் பார்ப்பதற்காகவே எங்கள் குழுவில் பெயர் கொடுத்தார். இதைக் கடையில் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"அவனுக்கு லீவு கிடைக்காதாம் தம்பி. ஹோட்டலுக்கெல்லாம் வரமாட்டானாம். அவன் சொல்லுற இடத்துக்கு என்னைக் கொண்டுபோய்க் காட்டுவீங்களோ?"

"எந்த இடம் அன்ரி?"

அவர் சொன்ன இடம் நகரத்துக்கு வெளியே, தொழிற்சாலைகளுக்கு நடுவில், வாகனம் நிறுத்துகிற ஒரு மணல்வெளி. ஹோட்டலுக்கு வராமல், காவலாளி நிற்கிற எந்த வாசலுக்கும் வராமல், அப்படி ஓர் இடத்தில் தாயைச் சந்திக்கிறவனிடம் என்ன கடதாசி இல்லை என்று அந்த ஊரில் கிடந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் கேட்கவில்லை. கொண்டுபோகிறேன் என்றேன்.

அது ஐப்பசி மாதம். மெல்பேர்ன் துல்லாமரின் விமான நிலையத்தில் ஏறியபோது அன்ரி சந்தோசமாகத்தான் இருந்தார். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்ததைக் கண்டேன். மரக்கறிச் சாப்பாடு சரியில்லை என்று பலர் அப்படிச் செய்வார்கள்.

காலையில் இறங்கினோம். கோயாக்கா வானோடு நின்றார். எல்லோருக்கும் போத்தல் கொடுத்தேன், ஏறமுன் சிலர் ரொயிலற்றுக்குப் போய் வந்தார்கள். கடைத்தொகுதிக்குப் போய் இறங்கமுன் வெறும் போத்தல்களை வாங்கினேன். அன்ரியின் போத்தல் காலி. அவருக்குப் பக்கத்தில் இருந்த மலர் அன்ரியின் போத்தலில் பாதி கிடந்தது.

"மலர் அன்ரி, பரமேஸ்வரி அன்ரியைப் பாருங்கோ, முழுக்கக் குடிச்சிட்டா. நீங்கள் என்ன ஒட்டகமோ?"

"ஓம் ஓம், அவ நல்லாக் குடிப்பா" என்றார் மலர் அன்ரி. வானில் இருந்த மற்றப் பெண்கள் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மற்றவர்களைக் கடைத்தொகுதியில் விட்டுவிட்டு அன்ரியை ஏற்றிக்கொண்டு போனோம். மலர் அன்ரி தானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறினார். மணல்வெளியில் தூசி மூடிய கார்கள் வரிசையாக நின்றன. ஒரு பக்கம் தகரக் கூரை போட்ட தேநீர்க்கடை, அதுவும் பூட்டியிருந்தது. நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. மகன் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தான். மத்தியானம் ஆனதும் போன் எடுத்தான். வேலைத்தலத்தில் மறித்துவிட்டார்கள், கொஞ்சம் சுணங்கும் என்றான்.

அன்ரி வானிலிருந்து இறங்கினார்.

"உள்ளுக்க இருங்கோ அன்ரி. ஏசி போட்டிருக்கு. அவர் வந்தால் நான் சொல்லுறன்."

"அவனுக்கு இந்த வானைத் தெரியாது தம்பி. என்னைத்தான் தெரியும்."

வானின் கண்ணாடி கறுப்பு. உள்ளே இருப்பவர் வெளியே தெரியமாட்டார். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நான் குடையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தடவை நான் தண்ணீர் நீட்டியபோதும் "இப்பதானே குடிச்சனான்" என்றார். வானுக்குள் ஏறி வந்து வெறும் போத்தலை எடுத்துக் காட்டவும் செய்தார். மகன் மறுபடி போன் எடுத்தான். பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்றான்.

கோயாக்கா வானிலிருந்து இறங்கி அன்ரியோடு கதைக்கப் போனார். அவருக்கு வயதான பெண்களோடு கதைக்கப் பிடிக்கும். இரண்டு நிமிடத்தில் திரும்பி என்னிடம் வந்தார்.

"தாஸே, அவங்க நோன்பு."

"என்ன நோன்பு? அவ இந்து."

"எதுவாயிருந்தா என்ன? அம்பது வருசம் நோன்பு பிடிச்சவன் நான். நோன்பு வாயோட மணம் எனக்குத் தெரியாதா? உதட்டைப் பாரு."

நான் மலர் அன்ரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"மலர் அன்ரி, என்ன விரதம் இது?"

"கந்த சஷ்டி தம்பி. இண்டைக்கு ஆறாம் நாள், சூரன்போர். அஞ்சு நாளும் பின்னேரத்தில ஒரு தம்ளர் பால்தான். இண்டைக்கு அதுவுமில்லை, பச்சைத்தண்ணியும் இல்லை. நாளைக்குக் காலமைதான் பாறணை பண்ணி விரதம் முடிக்கிறது."

"அப்ப போத்தல்?"

"ஏர்போட் ரொயிலற்றில ஊத்தினவ. பிறகு நீங்கள் அங்கால பாக்கேக்க மண்ணில ஊத்தினவ." சேலைத் தலைப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து சொன்னார்: "விரதக்காரியைக் காட்டிக் குடுக்கக்கூடாது தம்பி. பாவம். வானில எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு மட்டும் தெரியவில்லை. சஷ்டி எந்த மாதத்தில் வருகிறதென்று எனக்குத் தெரியாது. எங்கள் தபசுகால விரதம் பங்குனியில் வரும், தண்ணீர் குடிக்கத் தடை இல்லை. இப்படிச் சொட்டுத் தண்ணீரும் தொடாத நாள் ஒன்று இவர்களுக்கு உண்டென்று தெரிந்திருந்தால், அந்த நாளில் அந்தக் குழுவைக் கொண்டுபோயிருக்க மாட்டேன். பிரஷருக்கென்று சலம் போக்குகிற குளிசையை மட்டும் அன்ரி தவறாமல் போட்டிருந்தார். குளிசை சாப்பாடு இல்லையாம். வாயில் வைத்து எச்சிலோடு விழுங்கினாராம்.

கோயாக்கா அன்ரியிடம் போய்க் கைகூப்பினார்.

"அம்மா, எங்க மார்க்கத்துல யாத்திரைக்காரன் நோன்பை விடலாம். பின்னாடி ஒரு நாள் பிடிச்சா கணக்கு சரி. உங்க சாமியும் சம்மதிப்பாரு. ஒரு வாய் குடிங்க."

"எங்கட முருகன் அப்பிடிக் கடன் குடுக்கமாட்டார் ஐயா" என்று அன்ரி சிரித்தார். "ஒன்பது வருசமா இவனைக் காட்டு எண்டுதான் பிடிக்கிறன். இப்ப, அவன் வாற நேரத்தில முறிக்கிறதோ?"

சிரிக்கும்போது அவருடைய நாக்கைப் பார்த்தேன். காய்ந்த புளியம்பழத் தோல் போல் இருந்தது. கையைப் பிடித்தேன், சூடாக இருந்தது, வேர்வை இல்லை. நெற்றித் தோலைக் கிள்ளினேன். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது.

"அன்ரி, ஏறுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"இன்னும் அஞ்சு நிமிசம் தம்பி. பஸ்ஸில ஏறிட்டான்."

"ஏறுங்கோ."

"நீங்களும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே. அஞ்சு நிமிசம்."

அதற்குப் பிறகு அவர் சொன்னது வேறு கதை. படலை திறந்து கிடக்கிறது, மாடு உள்ளே வந்துவிடும், போய்ச் சாத்து என்று கோயாக்காவைப் பார்த்துச் சொன்னார். கோயாக்கா என்னைப் பார்த்தார். "எடு" என்றார். குடை மணலில் விழுந்து உருண்டது. நாங்கள் இரண்டுபேரும் அன்ரியைத் தூக்கி வானுக்குள் கிடத்தினோம். கோயாக்கா தன் ஈரத் துவாயை அவருடைய கழுத்தில் சுற்றினார். மலர் அன்ரி வானில் கிடந்த போத்தல்களை எல்லாம் திறந்து அவர் மேல் ஊற்றிக்கொண்டே "முருகா முருகா" என்று அழுதார். நான் ஓட்டினேன்.

பெருந்தெருவில் ஏறிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். அன்ரியின் போன் அடித்தது. மலர் அன்ரி அதை எடுத்து என் காதில் வைத்தார்.

"அம்மா, வந்திட்டன். எங்க நிக்கிறீங்கள்? ஒரு குடைதான் கிடக்கு."

நான் யார் என்று சொன்னேன். என்ன நடந்தது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொன்னேன். மணலில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அங்க வாசல்ல ஐடி கார்ட் கேப்பினமோ அண்ணை?"

"கேப்பினம்."

போன் நின்றுவிட்டது.

அன்றிரவு அன்ரிக்கு நினைவு திரும்பவில்லை. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை, மெசினில் போட்டிருக்கிறோம் என்று டொக்டர் சொன்னார். மற்றவர்களைக் கோயாக்கா பார்த்துக்கொண்டார். மறுநாள் இரவு அவர்களை விமானத்தில் ஏற்றிவிட்டு, நான் மட்டும் நின்றேன். டார்னெய்ட்டிலிருந்து மகள் வந்து சேர நேரம் எடுக்கும்.

ரஜீவன் வரமாட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். அவன் வராமல் இருந்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவனைக் கொண்டுபோன கம்பனி மூடி நாலு வருடமாகியிருந்தது. கடவுச்சீட்டு எங்கே என்று அவனுக்கே தெரியாது. பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். அவன் அனுப்புகிறதில்தான் ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

அன்ரியைக் கொண்டுபோன மறுநாள் காலையிலேயே வந்தான். மெலிந்த பிள்ளை, சவரம் செய்து, மடிப்புக் கலையாத சேர்ட் போட்டிருந்தான். யாரிடமோ கடன் வாங்கிய சேர்ட், தோள் பெரிதாக இருந்தது. வாசலில் கார்ட் கேட்டார்கள். இல்லை என்று சொன்னான். பிறகு இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். கோயாக்கா அவர்களோடு அரபியில் நெடுநேரம் கதைத்தார். என்ன கதைத்தார் என்று முழுக்க எனக்கு விளங்கவில்லை. உம்மா, உம்மா என்று தாயைச் சொல்கிற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒரு பொலிஸ்காரர் கதவுக்கு வெளியே கதிரையைப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அன்ரி கண் திறந்தார். மகனைப் பார்த்தார். வாயில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. அவனுடைய காதைப் பிடித்துப் பார்த்தார், சின்ன வயதுத் தழும்பு ஏதோ அங்கே இருந்திருக்க வேண்டும். தாதியிடம் கேட்டுப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவன் தாயின் உதட்டில் தடவினான். அன்றைக்குப் பாறணை நாள்.

கதிரை நகர்கிற சத்தம் கேட்டதும் அவன் தானாகவே எழும்பிவிட்டான்.

"போட்டு வாறன் அம்மா" என்றான்.

சில கிழமைகளில் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது சுன்னாகத்தில் ஓட்டோ ஓடுகிறான். அன்ரியை மகள் மெல்பேர்னுக்குக் கொண்டுவந்தார். சிறுநீரகம் திரும்பவில்லை. கிழமைக்கு மூன்று நாள் மெசினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு விமானம் ஏற முடியாது. அவனுக்கு இங்கே வர விசா கேட்டார்கள். கொடுக்கவில்லை. மறுபடி கேட்டார்கள். அதுவும் அப்படித்தான்.

நான் அதற்குப் பிறகும் சில வருடம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். வெறும் போத்தலை நம்புவதை விட்டுவிட்டேன். துல்லாமரினிலேயே "ஆர் ஆர் விரதம்?" என்று சத்தமாகக் கேட்பேன். பதில் வராது. ஆகையால் என் கண்ணுக்கு முன்னால் குடிக்கச் சொல்வேன். என் குசினியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் சைவக் கலண்டர் தொங்குகிறது. சஷ்டி, சிவராத்திரி, கேதாரகௌரி எல்லாம் எனக்கு இப்போது தெரியும். விரதம் பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்த நாட்களில் அந்த ஊரில் இறங்காதீர்கள். இறங்கத்தான் வேண்டும் என்றால் ஓட்டுகிறவரிடம் சொல்லுங்கள். கூட வருகிறவர்கள் காட்டிக் கொடுங்கள். பாவம் வந்தால் என் கணக்கில் எழுதுங்கள்.

நான் இருக்கிற கிரான்பர்னிலிருந்து டார்னெய்ட் மெல்பேர்னின் மற்ற முனை. என்றாலும் மாதத்தில் ஒருநாள் அன்ரியை நான் மெசினுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மகளுக்கு வேலை. எனக்கு வீட்டில் இருக்க முடியாது. சிறுநீரக வருத்தக்காரருக்குத் தண்ணீர் அளவாகத்தான் கொடுக்க வேண்டும், கூடினால் நெஞ்சில் ஏறிவிடும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்னக் கிண்ணம் வைத்திருக்கிறார்.

போன ஐப்பசியில் போயிருந்தேன். கலண்டரில் சஷ்டி தொடங்கியிருந்தது. இயந்திரத்தோடு இணைத்துவிட்டுத் தாதி போனதும் அன்ரியின் முகத்தைப் பார்த்துப் பயந்து கேட்டேன்.

"அன்ரி, திரும்பவும் பிடிக்கிறீங்களோ?"

"சாப்பிடாமல் இருக்கக்கூடாது எண்டு டொக்டர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார் தம்பி. சாப்பிடுறன்."

"தண்ணி?"

"அதைக் குறைக்கச் சொல்லி அவரே சொல்லுறார்தானே. நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கு, ஆறு நாள் இல்லை, வருசம் முழுக்க. இதை விரதமா எடுக்கமாட்டாரோ முருகன்?"

"என்ன நேர்த்திக்கு அன்ரி?"

"அவனுக்கு விசாவுக்குத் திரும்பக் குடுத்திருக்கு."

கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, இயந்திரம் முடியும்வரை இருந்தேன்.